காலோடு போன மச்சம்

பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லோரும் இனிமேல் போட்டோ ஒட்டித்தான் விண்ணப்பம் போட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறதாம். என் பழைய ஆபீஸில் இப்போது குமாஸ்தாவாக இருக்கும் சுந்தரம் போன வாரம் வீட்டுக்கு வந்து புலம்பினார். "போட்டோவில இருக்கிறவருக்கு மீசை இருக்கு, நேர்ல வர்றவருக்கு மீசை இல்லை. யாருக்குப் பணத்தைக் குடுக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்றார். மீசையோடு போனால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கள் காலத்தில் காலே போயிருந்தது. அந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய காப்பி ஆறிவிட்டது. இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் கேட்டதால் எழுதுகிறேன்.

நான் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியது பதினேழு வயதில். முதலில் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் வேலை. கிட்டங்கி என்றால் நீளமான கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குப் பின்னால் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் எழுத வேண்டும். தலை நிமிர்ந்தால் வேலையில் கவனமில்லை என்று பொருள். இரண்டு வருஷத்தில் என் முதுகு அந்த வளைவுக்குப் பழகிவிட்டது. பிறகு முதல் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் ஆபீஸில் எழுத்து வேலை கிடைத்தது. சண்டை முடிந்ததும், சேர்த்த ஆட்களில் திரும்பி வந்தவர்களுக்குப் பென்ஷன் கொடுக்கும் ஆபீஸுக்கு என்னை மாற்றினார்கள். என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான்.

பென்ஷன் ஆபீஸ் முதல் மாடியில் இருந்தது. கை கால் இழந்தவர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு படிகள். மேலே ஏறி வந்துவிட்டால் அங்கே எங்கள் தலைமை குமாஸ்தா சதாசிவம் பிள்ளை இருப்பார்.

பிள்ளையைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பங்கா இழுக்கிறவனைக்கூட நீங்கள் என்றுதான் சொல்வார். யார் வந்தாலும் எழுந்து நிற்பார், நாற்காலி போடச் சொல்வார், மண்பானைத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பேசமாட்டார். அதன்பின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அங்கவஸ்திரத்தின் நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, மாட்டிக்கொண்டு, "உங்க விஷயத்தை ரொம்ப அனுதாபத்தோட பாக்கறோம்" என்பார். அதைக் கேட்டால் காரியம் நடக்காது என்று எங்களுக்குத் தெரியும். வந்தவருக்குத் தெரியாது, அவர் கும்பிட்டுவிட்டுப் போவார். முடியாது என்ற சொல் பிள்ளையின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அவருக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை உண்டு. காலையில் வருவார், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், பதினோரு மணிக்குக் கிளப்புக்குப் போவார். அவரால் ஒருவருக்கும் தொந்தரவு கிடையாது.

இருபதுகளின் நடுவில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. செத்துப்போனவர் பெயரில் வேறு ஆட்கள் பென்ஷன் வாங்குகிறார்கள் என்று எங்கேயோ புகாராம். ஆகையால் ஒவ்வொருவரையும் நேரில் வரவழைத்து, பட்டாளத்தில் சேர்ந்தபோது எழுதிய விவரப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு ஆளுக்கும் அங்க அடையாளம் இரண்டு இருக்கும். அடையாளம் இரண்டும் ஒத்திருந்தால் பென்ஷன் தொடரும். இல்லையென்றால், ஒத்துப்போகும்வரை நிறுத்தி வைக்கப்படும்.

அப்படி வரவழைக்கப்பட்டவர்களில் ஒருவர்தான் முத்துக்கருப்பன். ராமநாதபுரம் பக்கம். சண்டைக்கு முன்னால் துறைமுக ஜெட்டியில் அரிசி மூட்டை சுமந்தவர். மெசபடோமியாவில் பாலம் கட்டும் பட்டாளத்தில் இருந்தபோது ஆற்றில் படகுகள் மோதி நடுவில் மாட்டிக்கொண்டார். பஸ்ரா ஆஸ்பத்திரியில் இடது காலைத் தொடை வரைக்கும் எடுத்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு ரங்கூனுக்குத் திரும்பி, பசுந்தாங் பேட்டையில் ஒரு அறை எடுத்து, சண்டைக்கு முன்பிருந்தே கூட இருந்த மா டின் என்ற பர்மியப் பெண்ணோடு குடித்தனம் நடத்தினார். அவள் தெருமுனையில் மொஹிங்கா என்ற மீன்சாற்றுச் சேமியா விற்றாள். இருவருடைய சாப்பாடு அதில் ஓடும், அறை வாடகை பென்ஷனில் ஓடும்.

அன்று அவர் முப்பத்திரண்டு படியும் ஏறி வந்து, தண்ணீர் குடித்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளை பட்டியலை விரித்து வாசித்தார்.

"அடையாளம் ஒண்ணு. இடது கெண்டைக்காலில் புளியங்கொட்டை அளவு மச்சம். அடையாளம் ரெண்டு. இடது முழங்காலுக்குக் கீழே பழைய வெட்டுத் தழும்பு. கொஞ்சம் காட்டறீங்களா?"

முத்துக்கருப்பன் லுங்கியைக் கொஞ்சம் விலக்கினார். கீழே நாற்காலிக் கால் தெரிந்தது.

பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "மச்சம் தெரியலையே" என்றார்.

"அது காலோட போயிருச்சுங்களே."

"அது எனக்குப் புரியுது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க முத்துக்கருப்பன்தான்னு காட்டுற அடையாளம் அந்தக் கால்லதான் இருக்கு."

"கால் இல்லைங்கிறதுக்குத்தானே ஐயா பென்ஷனே."

"முத்துக்கருப்பனுக்குக் கால் இல்லை. அதைச் சர்க்கார் ஒத்துக்குது. நீங்க முத்துக்கருப்பனான்னு பாக்குறதுதான் இப்ப விஷயம்."

கைநாட்டு இருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. ரங்கூன் மழைக்காலம் எட்டு ஒன்பது கடந்து வந்த காகிதம் அது. கைநாட்டு இருந்த இடத்தில் நசுங்கிய நாவற்பழம் மாதிரி ஒரு கறை மட்டும் மிச்சம். முத்துக்கருப்பன் பட்டாளத்து விடுதலைச் சீட்டைக் காட்டினார். சீட்டு முத்துக்கருப்பனுடையது என்பதில் பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை. கூட இருந்த சிப்பாய்கள் யாராவது உண்டா என்று கேட்டார். பாதிப் பேர் ஆற்றோடு போனார்கள், மீதிப் பேர் ஊரோடு போனார்கள். மா டின் சாட்சி சொல்லட்டுமா என்று முத்துக்கருப்பன் கேட்டார். பலன் பெறுகிறவர் சாட்சி ஆகமாட்டார் என்று பிள்ளை வருத்தத்தோடு சொன்னார்.

இவ்வளவும் நடக்கும்போது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். பிள்ளையின் கையில் இருந்த பட்டியலின் எழுத்து என்னுடைய எழுத்து. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

ஆள் சேர்க்கும் ஆபீஸுக்கென்று ஒரு பழைய கிட்டங்கியைத்தான் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எனக்கு மேசை நாற்காலி கொடுத்தார்கள், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு எழுத்து வராது. கிட்டங்கிப் பழக்கம். ஆகவே ஒரு பெட்டியைத் தேடிப் பிடித்து, பாய் விரித்து, கீழே உட்கார்ந்துகொண்டேன். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக என் முன்னால் வந்து நிற்பார்கள். குனிந்த தலை நிமிராத எனக்கு எதிரே இருப்பது முழங்கால். வாசல் வெளிச்சம் விழுவது அவர்களுடைய இடது பக்கம். நாளெல்லாம் வரிசை நகரும். லுங்கியைத் தூக்கு, மச்சம் இருக்கிறதா, தழும்பு இருக்கிறதா, எழுது, அடுத்த ஆள். நான் சேர்த்த ஒவ்வொருவருக்கும் அங்க அடையாளம் இடது காலில்தான் இருந்தது. ஒரு சிப்பாயின் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்ததா, ஆறு விரல் இருந்ததா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சண்டைக்குப் போகிறவனுக்குக் கால் போகக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். அப்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

பிள்ளை சும்மா இருக்கவில்லை. அனுதாபத்தோடு காரியம் பார்த்தார். வெட்டி எடுக்கப்பட்ட காலில் மச்சம் இருந்ததா என்று பஸ்ரா ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அந்த ஆஸ்பத்திரி மூடப்பட்டுவிட்டது என்று அங்கிருந்து பம்பாய்க்கு அனுப்பினார்கள். பம்பாயிலிருந்து, எடுத்த கால்களைப் பற்றி எண்ணிக்கை மட்டுமே உண்டு, வர்ணனை இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் எடுக்கப்படாத வலது காலில் அதே போல் மச்சம் உண்டா என்று யாரோ ஒரு புத்திசாலி கேட்டிருந்தார். பிள்ளை அதையும் விடாமல் பார்த்தார். வலது காலில் ஒன்றும் இல்லை.

மாதா மாதம் முத்துக்கருப்பன் படியேறி வந்தார். ஊன்றுகோல் சத்தம் கீழ்ப்படியில் கேட்டதும் நான் வேறு வேலை இருப்பதுபோல அலமாரிப் பக்கம் போய்விடுவேன். எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, அவர் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"வீட்டுக்காரன் அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டான். மழைக்காலம் முடியட்டும்னு கேட்டிருக்கேன். நான் மூட்டை தூக்கினவன் ஐயா. என்னைக் காளி கோயில் வாசல்ல துண்டு விரிச்சு உக்காரச் சொல்றீங்களா? அங்க உக்காந்தா யாரும் மச்சம் பாக்கமாட்டான், அது தெரியும். ஆனா எனக்கு அது முடியாது."

பிள்ளை உண்மையிலேயே கலங்கிப்போனார். அன்று முழுக்க விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மறுநாள் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. அடுத்த மாதம் மனைவியையும் கூட்டி வரும்படி சொல்லி அனுப்பினார்.

இருவரும் வந்தார்கள். தண்ணீர் கொடுத்தாயிற்று. பிள்ளை ஒரு பாரத்தை எடுத்து வைத்தார். அழகான எழுத்தில் முழுவதும் நிரப்பியிருந்தார், தேதியும் கைநாட்டும்தான் பாக்கி.

"முத்துக்கருப்பன் உயிரோட இருக்கார்னு நிரூபிக்கிறதுதான் கஷ்டமா இருக்கு. அவர் காலமாயிட்டதா இந்த அம்மா சொல்லிட்டா, விதவைப் பென்ஷன் உடனே கிடைக்கும். விதவைக்கு அங்க அடையாளம் தேவையில்லை. அக்கம்பக்கத்தில தெரிஞ்சவர் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"சாட்சி யாரு?" என்றார் முத்துக்கருப்பன்.

பிள்ளை யோசித்தார். "நீங்களே போடலாம். நீங்கதான் முத்துக்கருப்பன் இல்லையே, இப்போதைக்கு."

முத்துக்கருப்பன் சிரித்துவிட்டார். பத்து மாதத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "செத்தா வாடகை கிடைக்குதுன்னா செத்துட்டுப் போறேன். போடு டின், கைநாட்டை."

மா டின் பசுந்தாங் வாடிக்கைக்காரர்களிடம் தமிழ் கற்றவள். தயங்காமல் பேசுவாள், ஐயா என்பதற்கு மட்டும் சயா என்பாள். பாரத்தைக் கையால் தொடக்கூட இல்லை.

"சயா, இந்த மனுஷன் பாக்தாத்தில இருந்து கடிதாசி வராத ஒண்ணரை வருஷம் நான் இவர் தட்டை ஒதுக்கி வைக்கலை. தினமும் சோறு போட்டுப் பக்கத்தில வச்சேன். அப்பவும் செத்துட்டார்னு சொல்லலை. இப்ப எதிர்ல உக்காந்து தண்ணி குடிக்கிறார், இப்பப் போய் செத்துட்டார்னு சொல்லணுமா? நான் சொல்லமாட்டேன். அறையை விட்டுட்டு ஜெட்டி ஓரத்தில பாய் போட்டுப் படுத்துக்கறோம்."

சொல்லிவிட்டு முத்துக்கருப்பனின் ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கிளம்பலாம் என்று அர்த்தம்.

அதற்கு மேல் என்னால் அலமாரிப் பக்கம் நிற்க முடியவில்லை. நேரே பிள்ளையின் மேசைக்கு வந்து, பட்டியல் என் கையெழுத்து என்றும், தரையில் உட்கார்ந்து எழுதினதால் எல்லோருக்கும் அடையாளம் காலிலேயே போய்விட்டது என்றும், தப்பு முத்துக்கருப்பனுடையது இல்லை என்னுடையது என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எனக்கு ஒருவரும் தண்ணீர் தரவில்லை.

பிள்ளை கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். "அடையாளம் அழிஞ்சிருந்தா, பட்டாளத்தில சேர்த்த குமாஸ்தா நேரில் பார்த்து இவர்தான்னு சொன்னாப் போதும்னு ஒரு விதி இருக்கு. அந்தக் குமாஸ்தாவை எங்க தேடறதுன்னுதான் அதை விட்டுட்டேன். சொல்லுங்க வைத்தியலிங்கம். நீங்க சேர்த்தது இவரைத்தானா?"

நான் முத்துக்கருப்பனின் முகத்தைப் பார்த்தேன். அகலமான முகம், நரைத்த புருவம். அவரும் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் கிட்டங்கியில் பார்த்ததே இல்லை. தெரியும் என்று சொன்னால் பொய்ச் சத்தியம். தெரியாது என்றால் இந்த மனிதருக்கு இருந்த கடைசிக் கதவையும் நானே சாத்துகிறேன். பொய்யே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் முத்துக்கருப்பன் குறுக்கிட்டார். "அந்தப் பெட்டிக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டே இருந்த குமாஸ்தா நீங்கதானா?" என்றவர் பிள்ளை பக்கம் திரும்பினார். "அவர் எங்கய்யா என்னைப் பாத்தாரு, தலையே நிமிரலையே. அவருக்கு என்னைத் தெரிஞ்சிருக்காது. எனக்குத்தான் அவரைத் தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்றார் பிள்ளை.

"நின்னுக்கிட்டு இருந்தவன் கீழ பாத்தா அவர் உச்சந்தலைதானே தெரியும். புழுக்கத்துக்குத் தலைப்பாகையைக் கழட்டிப் பெட்டி மேல வச்சிருந்தார். உச்சியில ரெட்டைச் சுழி. வலதுபக்கச் சுழிக்கு ஒட்டினாப்பல, முடி முளைக்காம, அரிசி அளவு ஒரு தழும்பு. எனக்கு முன்னால நின்னவன்கிட்டகூடச் சொன்னேன், ரெட்டைச் சுழிக்காரன் நம்மைப் பட்டாளத்துக்கு எழுதுறான், இவனுக்கு ரெண்டு பொஞ்சாதி, நமக்கு இருக்கிற ஒண்ணும் கையை விட்டுப் போகுதுன்னு."

ரெட்டைச் சுழி இருப்பது எனக்குத் தெரியும், ஊரில் கேலி செய்வார்கள். தழும்பு இருப்பது எனக்கே தெரியாது. பென்ஷன் ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து தலைப்பாகை இல்லாமல் என்னை ஒருவரும் பார்த்ததும் இல்லை.

பிள்ளை எழுந்தார். "தயவுசெஞ்சு தலைப்பாகையை எடுங்க" என்றார்.

எடுத்தேன். குனியச் சொன்னார். குனிந்தேன், அது எனக்குப் பழக்கமான காரியம். ஆபீஸ் முழுக்க எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. பிள்ளை விரல் நுனியால் முடியை விலக்கி, வெளிச்சம் போதாமல் என்னை ஜன்னல் ஓரம் நடத்திக்கொண்டு போய், மறுபடியும் பார்த்தார். அந்த ஐந்து நிமிஷத்தில், பத்து மாதமாக நாங்கள் மனிதர்களுக்குச் செய்துகொண்டிருந்தது என்னவென்று என் கழுத்துக்குப் புரிந்தது.

"அடையாளம் ஒண்ணு, சுழி ரெண்டு. இருக்கு. அடையாளம் ரெண்டு, தழும்பு. இருக்கு" என்றார் பிள்ளை. "சேர்த்த குமாஸ்தாவுக்கு ஆளைத் தெரியணும்னுதான் விதி. ஆளுக்குக் குமாஸ்தாவைத் தெரிஞ்சாப் போதாதுன்னு எங்கேயும் எழுதலை."

குறிப்பு எழுதித் துரையிடம் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி இருந்தது. குமாஸ்தா ஒரு முட்டாள், ஆளுக்குப் பணத்தைக் கொடு என்று இருந்ததாக நானே பின்னால் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளை என்னிடம் சொன்னது, "துரை உங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை குறிப்பிட்டிருக்கார்" என்பதுதான்.

நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து வந்தது. அறை தப்பியது. எனக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் போனது, அதோடு நான் தரையில் உட்கார்ந்து எழுதக்கூடாது என்று தனி உத்தரவு ஒன்றும் வந்தது. பட்டியலில் முத்துக்கருப்பனுக்குப் புது அடையாளம் எழுத வேண்டியிருந்தது. புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருப்பதை நான் சுட்டிக் காட்டினேன். அது நிரூபிக்கப்பட்ட அடையாளம் இல்லை என்று பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. எது நிரூபிக்கப்பட்டதோ அதைத்தான் எழுதினார். "அங்க அடையாளம்: சேர்த்த குமாஸ்தாவின் தலையைப் பார்க்கவும்."

அதனால் எனக்கு மோல்மேனுக்கு வந்த மாற்றல் இரண்டு தடவை ரத்தானது. வருஷா வருஷம் சரிபார்க்கும் நாளில் முத்துக்கருப்பன் வருவார், நான் தலைப்பாகையை எடுத்துக் குனிவேன், அவர் பார்த்துவிட்டு, "சரியா இருக்குங்க" என்பார், பிள்ளை கையெழுத்துப் போடுவார். முப்பது வயதில் எனக்கு நெற்றிப் பக்கம் முடி கொட்ட ஆரம்பித்தபோது என் மனைவியைவிட அதிகம் கவலைப்பட்டவர் அவர்தான். மா டின் காய்ச்சியது என்று ஒரு பாட்டில் எண்ணெய் கொண்டுவந்து, வாரம் இரண்டு தரம் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். அவருடைய பென்ஷன் என் தலையில் இருந்தது.

நாலாவது வருஷம் அந்த நாளில் அவர் வரவில்லை. மழை விடாமல் பெய்த ஒரு வாரம். மூன்றாம் நாள் மா டின் தனியாகப் படியேறி வந்தாள். ஐந்து நாள் காய்ச்சல், நேற்றுக் காலையில் போய்விட்டார் என்று நின்றபடியே சொன்னாள். பிள்ளை எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், அதில் போலித்தனம் இல்லை. நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு அவர் அலமாரியைத் திறந்து அந்தப் பழைய விதவைப் பாரத்தை எடுத்தார். பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். தேதி போட்டார். மா டின் கைநாட்டு வைத்தாள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மத்தியானத்துக்குள் துரையின் கையெழுத்தும் ஆகி உத்தரவு தயாராகிவிட்டது. எங்கள் ஆபீஸில் அவ்வளவு வேகமாக வேறெதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

உத்தரவை வாங்க வந்த மா டின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சயா, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அவர் உசிரோட வந்து எதிர்ல உக்காந்தார். பத்து மாசம் நீங்க நம்பலை. நான் தனியா வந்து செத்துட்டார்னு சொன்னேன். ஒரு ராத்திரியில நம்பிட்டீங்களா?"

பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. அவள் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் அவளோடு படி இறங்கி, மழைக்குள் குதிரை வண்டி நிற்கும் இடம்வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன்.